ஓஎல் புவியியலுக்கு எதுக்குக் காசு குடுக்கலாம்: 1:50,000 ஷீட்டா, பாஸ்ட் பேப்பர் புத்தகமா?

தம்பி இந்தமுறை ஓஎல், அதுதான் க.பொ.த. சாதாரண தரம். விரும்பினதைத் தெரிவு செய்யிற முதலாம் தொகுதிப் பாடத்துக்கு வணிகத்தை விட்டிட்டுப் புவியியல் எடுத்தவன், அதால வீட்டில எல்லாருமாச் சேந்து அவனுக்கு என்னத்தை வாங்கிக் குடுக்கிறது எண்டு தேடினதில ரெண்டு சாமான் வாங்கினம். ஒண்டு கடையில விக்கிற பாஸ்ட் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள் புத்தகம், மற்றது நில அளவைத் திணைக்களத்தின்ர 1:50,000 இடவிளக்கப்படம் (மேடு பள்ளம், ஆறு, றோட்டு எல்லாம் காட்டுற படம், ஷீட் எண்டு சொல்லுறது இதைத்தான்). ரெண்டையும் வைச்சு அவனோட இருந்து படிப்பிச்ச அனுபவத்தில சொல்லுறன், இதே வயசுப் பிள்ளையள் வீட்டில இருக்கிற ஆக்களுக்கு உதவும்.

முடிவை முதலே சொல்லுறன். காசு குடுக்கிறதெண்டா ஷீட்டுக்குக் குடுங்கோ. பாஸ்ட் பேப்பரை இலவசமா எடுக்கலாம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி முதல். பேர் சொல்லேல்ல, ஏனெண்டா சந்தையில இருக்கிற கனக்கப் புத்தகம் இந்த மாதிரித்தான் இருக்குது. பல வருசத்துப் பேப்பரை ஒண்டாக் கட்டியிருக்கினம், பின்பக்கத்தில விடை. எம்சிக்யூ, அதாவது பல்தேர்வுக் கேள்வி, 40க்கும் விடை நம்பர் மட்டும் போட்டிருக்கு, ஏன் அந்த விடை எண்டு ஒரு வரி கூட இல்லை. பிள்ளை 3 எண்டு போட்டு, புத்தகத்தில 2 எண்டு கிடந்தா அவன் என்ன செய்யிறது, 2ஐப் பாடமாக்கிறான், அவ்வளவுதான். அடுத்த வருசம் அதே விசயத்தைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா அந்த 2 எதுக்கும் உதவாது. பெரிய பிழை படங்களில இருக்கு. இடவிளக்கப்படத்தை ஸ்கான் பண்ணிக் கறுப்பு வெள்ளையில அடிச்சிருக்கினம். உண்மையான படத்தில ஆறு நீலம், சமவுயரக்கோடு (ஒரே உயரத்தில இருக்கிற இடங்களைச் சேக்கிற கோடு) மண்ணிறம், காடு பச்சை. இதெல்லாம் ஒரே சாம்பல் நிறமா வந்தா ஆறு எது கோடு எது எண்டு பெரியாக்களுக்கே தெரியாது, பதினாறு வயசுப் பிள்ளை எப்பிடிக் கண்டு பிடிக்கிறது? கோடுகள் நெருக்கமா வாற இடத்தில கறுப்புத் திட்டு மட்டும்தான் மிச்சம். 5க்கு 2 குடுக்கலாம், அதுவும் கேள்விகள் வருச ஒழுங்கில ஒரே இடத்தில இருக்கிறதுக்காக.

இனி ஷீட். இலங்கை முழுக்க 92 ஷீட்டா வெட்டியிருக்கு. ஒரு ஷீட் கிழக்கு மேற்கா 40 கிலோமீற்றர், வடக்குத் தெற்கா 25 கிலோமீற்றர், ஆயிரம் சதுர கிலோமீற்றர் நிலம் ஒரு மேசையில விரிஞ்சு கிடக்கும். கொழும்பில நாரஹேன்பிட்ட கிருள வீதியில தலைமை அலுவலகம் இருக்கு, போறதுக்கு முதல் ஃபோன் எடுத்து உங்களுக்கு வேணுமான ஷீட் கைவசம் இருக்கோ எண்டு கேட்டிட்டுப் போங்கோ. விலை, ரியூசன் காசோட ஒப்பிட்டா பெரிசில்லை.

நாங்கள் யாழ்ப்பாண ஷீட் வாங்கேல்ல, வேணுமெண்டுதான். எங்கட குடாநாடு சுண்ணாம்புக்கல்லுத் தட்டை நிலம். படத்தில சமவுயரக்கோடு 20 மீற்றருக்கு ஒண்டுதான் போடுறது, எங்கட பக்கம் ஒரு கோட்டைக் காணுறதே கஸ்ரம். ஆறு எண்டு சொல்ல வழுக்கியாறு மட்டும், அதுவும் மாரியில மட்டும் ஓடுறது. இங்க பிறந்து வளந்த பிள்ளை மலைச்சாய்வு, பள்ளத்தாக்கு, கணவாய், நீர்வீழ்ச்சி எல்லாத்தையும் சொல்லாத்தான் படிக்குது, கண்ணால கண்டதில்லை. வடக்குப் பிள்ளையள் படக் கேள்வியில தடுமாறுறதுக்கு இது ஒரு பெரிய காரணம் எண்டுதான் நான் நம்புறன், மூளைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதால நுவரெலியாப் பக்க ஷீட்டை எடுத்தம்.

முதல் நாள் தம்பிக்கு ஒண்டும் விளங்கேல்ல, மண்ணிறக் கோடுகள் கைரேகை மாதிரிச் சுத்திச் சுத்திக் கிடக்குது எண்டான். பிறகு ஒரு இடத்தை மட்டும் பிடிச்சம். ஒரு ஓடை, நீலக்கோடு. அந்த ஓடையைக் கடக்கிற ஒவ்வொரு சமவுயரக்கோடும் மடிஞ்சு ஒரு கூர் வைச்சிருக்கு, அந்தக் கூர் எல்லாம் மலையின்ர உயரப் பக்கத்தைப் பாத்துக் கிடக்கு. அது பள்ளத்தாக்கு. பக்கத்திலயே கூர் பதிவான பக்கத்தைப் பாத்தபடி இன்னொரு மடிப்பு, அதுக்குள்ள ஓடை ஒண்டும் இல்லை, அது மலையில இருந்து நீட்டிக்கொண்டு வாற சுவடு. இதைப் புத்தகத்தில எழுதியிருக்கிறதை எத்தினையோ தரம் வாசிச்சவன், ஆனா கலர்ப் படத்தில விரலை வைச்சு ஓடை வழிய மேல போகேக்கதான் "ஓ, தண்ணி வெட்டின இடம்தான் உள்ளுக்குப் போகுது என்ன?" எண்டு கேட்டான். அதுக்குப் பிறகு அவன் மறக்கேல்ல.

சாய்வுவிகிதமும் இப்பிடித்தான். படத்தில 1 சென்ரிமீற்றர் எண்டா நிலத்தில 500 மீற்றர். அந்த ஒரு சென்ரிமீற்றருக்குள்ள அஞ்சு இடைவெளி வந்தா 100 மீற்றர் ஏற்றம். 500க்கு 100, அப்ப 5க்கு 1. இதைச் சமன்பாடாப் பாடமாக்கின பிள்ளை அலகு மாத்தேக்க பிழைவிடும், ஸ்கேலை வைச்சுப் பத்து இடத்தில அளந்த பிள்ளை பிழைவிடாது. வளைஞ்சு போற றோட்டுக்குத் தையல் நூலை வைச்சு அளக்கிறது, பிறகு நூலை நிமித்தி அளவுத்திட்டத்தில வைக்கிறது. ரேசிங் பேப்பர் போட்டுக் குறுக்குவெட்டுமுகம் (நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில பாத்த மாதிரி) கீறுறது. ஆறு இலக்க ஆள்கூறுக்கு (படத்தில ஒரு இடத்தைச் சொல்லுற எண்) கிழக்கு எண் முதல், வடக்கு எண் பிறகு, இதை மாறி எழுதித்தான் கனபேர் புள்ளியைத் துலைக்கிறவை, எத்தினையோ தரம் தேயிலைத் தொழிற்சாலையையும் கோயிலையும் தேடவிட்டு விளையாட்டா வைச்சு அந்த ஒழுங்கைப் பழக்கினம்.

ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2014 ஒக்ரோபர் 29 கொஸ்லந்த மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயங்களோட (தோட்டத் தொழிலாளரின்ர வரிசை வீடுகள்) சனம் புதைஞ்சது. பதுளை மாவட்டத்து ஷீட்டில அந்தப் பக்கச் சாய்வுகளைப் பாக்கேக்க, செங்குத்துச் சாய்வுக்குக் கீழ லயங்கள் சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டியா வரிசையாக் கிடக்கிறது தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படம் செய்யேக்க சாய்வும் ஒரு முக்கியமான காரணியா வருது, மண், பாறை, தண்ணி ஓடுற வழி, நிலப் பயன்பாடு எல்லாம் அதோட சேருது. தம்பி படிக்கிற அதே கோடுதான். புவியியலை வெறும் பாடமாக்கல் பாடம் எண்டு சொல்லுற ஆக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கோணும், ஒரு பிள்ளை ஒழுங்கா சமவுயரக்கோடு வாசிக்கப் பழகினா நாளைக்கு ஒரு ஊரை எங்க கட்டக்கூடாது எண்டு சொல்லக்கூடிய ஆளா வரலாம்.

ஷீட்டில குறை இல்லாமல் இல்லை. பெரிசு, சின்ன மேசையில விரிக்கேலாது, மடிச்சு மடிச்சு எடுத்தா மடிப்பில கிழியத் தொடங்கும், அதால சுருட்டி பைப்புக்குள்ள போட்டு வையுங்கோ. அதோட ஷீட் தனிய ஒண்டும் படிப்பிக்காது, பக்கத்தில ஆராவது இருந்து கேள்வி கேக்கோணும். ஷீட்டை வாங்கி அலுமாரிக்கு மேல வைச்சா ரியூசன் நோட்ஸை விடப் பிரயோசனம் குறைவு. எண்டாலும் 5க்கு 5 தான் என்ர கணக்கு.

படம் குறிக்கிறதுக்கு, அதுதான் இலங்கைப் படமும் உலகப் படமும், காசு செலவழிக்கவே தேவையில்லை. வெறும் எல்லைக்கோட்டுப் படத்தை ஒரு கட்டு போட்டோகொப்பி அடிச்சு வைச்சு ஒவ்வொரு நாளும் சாப்பிட முதல் ஒண்டு. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குக் கிட்ட கொட்டியார்க்குடாவில விழுது, பிள்ளையள் அதைத் தெற்கால இழுத்து மட்டக்களப்பில விடுவினம். ஆத்தின்ர தொடக்கத்தையும் முடிவையும் புள்ளி வைச்சிட்டுப் பிறகு கோட்டை இழுக்கப் பழக்குங்கோ. உலகப் படத்தில அந்தீஸ், அற்றகாமா, ஹோர்முஸ் நீரிணை மாதிரி இடங்களை நியூஸ் பாக்கேக்கயே தேடிக் குறிச்சா நிண்டு பிடிக்கும்.

இலவச சாமான்: பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர சைட்டில பிடிஎஃப்பாக் கிடக்கு, கல்வி அமைச்சின்ர இ-தக்சலாவ சைட்டில தமிழ்மொழிமூலப் பாடங்கள் இருக்கு. பரீட்சைத் திணைக்களம் விடுற மதிப்பீட்டு அறிக்கையளைக் கட்டாயம் தேடி எடுங்கோ. எந்தக் கேள்விக்குப் பிள்ளையள் எப்பிடிச் செய்தவை, எங்க பிழைவிட்டவை எண்டு அதில எழுதியிருக்கும், புள்ளி குடுக்கிற முறையும் இருக்கும். கடைப் புத்தகம் சொல்லாத "ஏன்" அங்கதான் இருக்குது.

இனி எல்லாரும் கேக்கிற அடுத்த கேள்வி, ஏஎல்லுக்கு, அதுதான் உயர்தரத்துக்கு, புவியியல் எடுக்கலாமா. எங்கட ஊரில சயன்ஸ், மற்ஸ் கிடைக்காட்டி கொமர்ஸ், அதுவும் இல்லாட்டி ஆர்ட்ஸ் எண்டு ஒரு படிக்கட்டு வைச்சிருக்கினம், புவியியல் அந்தக் கடைசிப் படியில கிடக்கிற பாடம் எண்ட நினைப்பு. எனக்கு அதில துப்புரவா உடன்பாடு இல்லை. முதல் விசயம், புவியியல் கலைப்பிரிவுக்கு மட்டும் உரிய பாடமில்லை. 2013இல தொடங்கின தொழினுட்பப் பிரிவில எந்திரவியல் தொழினுட்பம் எடுத்தாலும் உயிர்முறைமைகள் தொழினுட்பம் எடுத்தாலும் மூண்டாவது பாடத்துக்கான பட்டியலில புவியியல் இருக்கு. கொமர்ஸிலயும் ரெண்டு பிரதான பாடத்தோட மூண்டாவதா எடுக்கலாம். இதைத் தெரியாமலே கனபேர் ரியூசன் மாஸ்ரர் சொன்ன பாடத்தை எடுத்திட்டு வாறவை.

ரெண்டாவது, ஏஎல்லில இடவிளக்கப்படம் திரும்ப வரும், அதோட புள்ளிவிவர வரைபு, செய்முறை எல்லாம் சேரும். ஓஎல்லில படக் கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் நல்லாச் செய்து ஏ எடுத்த பிள்ளைக்கு ஏஎல் பாரமா இருக்கும். ஓஎல்லில பி எடுத்தாலும் படத்தோட விரும்பி இருந்த பிள்ளைக்கு அது பிடிக்கும். ரிசல்ட் ஷீட்டைப் பாத்து மட்டும் பாடத்தைத் தெரிவு செய்யாதேங்கோ, பிள்ளை எந்தக் கேள்வியை முதல் எடுத்துச் செய்தது எண்டு கேளுங்கோ.

மூண்டாவது, பாடத்தைத் தெரிவு செய்ய முதல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர அனுமதிக் கைநூலை எடுத்துப் பின்னால இருந்து வாசியுங்கோ, அதாவது என்ன கற்கைநெறிக்கு என்ன பாடக் கூட்டு கேக்கினம் எண்டு. அனுமதி இசட் ஸ்கோரில (பாடங்களின்ர கடினத்தைச் சரிக்கட்டிக் கணிக்கிற புள்ளி), கனக்கக் கற்கைநெறியளில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. ஆர்ட்ஸ் தொகுதிக்கு அந்தக் கணக்கு வேற மாதிரி, அதையும் அதுக்குள்ளயே பாக்கலாம். யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்கு, தென்கிழக்கு எண்டு தமிழ்ப் பிள்ளையள் போற இடங்களில புவியியல் துறை இருக்கு, படிக்கேக்கயே ஜிஐஎஸ் (கணினியில படம் செய்து ஆராயிற புவியியல் தகவல் முறைமை) பழகினா, கியூஜிஐஎஸ் எண்ட மென்பொருள் இலவசம், அனர்த்த முகாமைத்துவம், நகரத் திட்டமிடல், நீர்வளம் எண்டு வேலைக்குப் போற கதவுகள் இருக்கு. எங்கட கிணத்துத் தண்ணி, நிலாவரைக் கிணறு, கடல்நீர் உட்புகுதல் இதெல்லாம் ஆராயிறதுக்கு வெளியில இருந்து ஆரோ வரவேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில ஏஎல் புவியியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரோ எண்டதை மட்டும் முதலே விசாரியுங்கோ, இல்லாட்டி செய்முறைப் பகுதிக்குத் தனியாப் பழகிறது கஸ்ரம்.

ஷீட் வாங்கப் போற வடக்கு, கிழக்குக் கரையோர ஆக்கள் ஒரு மலைநாட்டு ஷீட்டை எடுங்கோ. மலைநாட்டுப் பிள்ளையள் களப்பும் மணல்திட்டும் இருக்கிற ஒரு கரையோர ஷீட்டை எடுங்கோ. ரெண்டு மூண்டு வீடு சேந்து வாங்கினா மாத்தி மாத்திப் பாக்கலாம், நாங்கள் இப்ப அப்பிடித்தான் செய்யிறம், பக்கத்து வீட்டுத் தங்கச்சி புத்தளம் ஷீட் வைச்சிருக்கிறா.