பூனைப் படர்தாமரை: விளக்கா கல்ச்சரா, இட்ராகோனசோலா டெர்பினாஃபினா?

காது ஓரத்தில் வட்டமாக முடி கொட்டி, சாம்பல் பூத்தாற்போலச் செதில் இருந்தால் உடனே படர்தாமரை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பூனைக்கு அதைக் கொடுப்பது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான். ஆனால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையும் சொறிப்பூச்சியும் இதே வேஷம் போடும். அதனால் சோதனை பார்க்காமல் மாத்திரை வேண்டாம்.

வுட்ஸ் லாம்ப் என்கிற புற ஊதா விளக்கில் சில நிமிடங்களில் பதில் கிடைக்கும். நன்றாக இருட்டிய அறையில் முடித்தண்டை மட்டும் பாருங்கள். தண்டு முழுக்க இளம்பச்சையாக மின்னினால் சந்தேகம் வலுக்கிறது. செதிலும் தூசியும் தடவிய களிம்பும்கூட மின்னும், அவை கணக்கில்லை. ஆன்லைனில் வரும் 395 நானோமீட்டர் டார்ச்சின் ஊதா வெளிச்சமே பச்சையை மறைத்துவிடும், 365 வாங்குங்கள். மின்னவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. படர்தாமரை தரும் இன்னொரு பூஞ்சையான ட்ரைக்கோபைட்டான் வகை மின்னவே மின்னாது.

பூஞ்சையைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குப் பொறுமை வேண்டும். பிரிக்காத புது டூத்பிரஷ்ஷால் உடம்பு முழுக்க வாரி, புண்ணைக் கடைசியில் தேய்த்து, டிடிஎம் என்ற பூஞ்சை வளர்ப்புத் தட்டில் குத்தி எடுக்க வேண்டும். தினமும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பஞ்சு போன்ற வளர்ச்சியும் தட்டில் சிவப்பு நிறமும் ஒன்றாக வந்தால்தான் அர்த்தம். கறுப்பு, பச்சைப் பூஞ்சணம் வளர்ந்து பல நாள் கழித்துச் சிவந்தால் அது வெறும் கலப்படம். தட்டுக்கு 25 முதல் 30 டிகிரி வேண்டும். மார்கழியில் ஏற்காட்டு அலமாரியில் வைத்த தட்டு 14 நாளில் "ஒன்றுமில்லை" என்றால் நம்பாதீர்கள், குளிரில் வளராமல் கிடந்திருக்கும். சித்திரைச் சேலத்தில் சிக்கல் நேர் எதிர். இன்குபேட்டர் உள்ள இடத்தில் கொடுப்பதே மேல்.

சிகிச்சையைத் தொடங்க விளக்கு போதும், நிறுத்த கல்ச்சர் வேண்டும் என்பது எங்கள் கட்சி.

மருந்தில் முதலிடம் இட்ராகோனசோலுக்கு. கிலோவுக்கு 5 மி.கி., தினம் ஒரு வேளை. ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி, மூன்று சுற்று. நிறுத்திய வாரத்திலும் மருந்து முடியில் தங்கி வேலை செய்யும். தொல்லை அளவில்தான்: 4 கிலோ பூனைக்கு 20 மி.கி. தேவை, மெடிக்கலில் கிடைப்பதோ 100 மி.கி. கேப்ஸ்யூல். உள்ளிருக்கும் மணிகளைக் கண்ணளவில் ஐந்தாகப் பங்கு போட்டால் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு. மி.லி.க்கு 10 மி.கி. உள்ள திரவம் கிடைத்தால் 2 மி.லி., வேலை சுலபம். சினைப் பூனைக்கும் ஈரல் கோளாறு உள்ளதற்கும் ஆகாது. சாப்பாட்டை வெறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

டெர்பினாஃபின் கிலோவுக்கு 30 முதல் 40 மி.கி. 250 மி.கி. மாத்திரையில் பாதி 4 கிலோ பூனைக்குச் சரியாக உட்காரும், உணவோடு கொடுக்கலாம். விடுப்பு வாரம் கிடையாது, வாந்தி வரலாம். திரவம் கிடைக்காத ஊரில் நாங்கள் இதைத்தான் யோசிப்போம். பழைய பூஞ்சை மருந்தான கிரிசியோஃபல்வின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியது, இப்போது அதற்குத் தேவையில்லை.

மாத்திரை முடிக்குள் இருப்பதை அடக்கும். மேலே ஒட்டிய பூஞ்சை வித்துகளைத் தொடாது. 2% மைக்கோனசோலும் 2% குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையை 10 நிமிடம் விட்டு அலச வேண்டும். ஏற்காட்டில் பனி விலகிய உச்சிவேளையில், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி உடனே துவட்டுங்கள். குட்டி சீக்கிரம் விறைத்துவிடும். நமக்கு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். சீமை அகத்தி அரைப்பும் வேண்டாம், நக்கினால் பேதி. டீ ட்ரீ எண்ணெயோ பூனைக்கு விஷம்.

வீட்டில் முதலில் முடியைப் பெருக்கி, சோப்பால் கழுவி, பிறகே பிளீச்சிங் திரவம்: லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி., 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். பாத்ரூம் ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது.

நான்காம் வாரத்தில் விளக்கடித்துப் பாருங்கள். வேர்ப்பக்கம் இருட்டாகவும் நுனி மட்டும் பச்சையாகவும் இருந்தால் புது முடி சுத்தமாக முளைக்கிறது என்று பொருள். அந்த நுனிகளைக் கத்தரித்துவிட்டு, கல்ச்சருக்குப் பிரஷ்ஷை எடுக்கலாம்.