செஞ்சிக் கோட்டை: திருவண்ணாமலை செல்லும் வன்னிக் குடும்பங்கள் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம்

இலங்கையின் வன்னியிலிருந்து தமிழ்நாட்டுக்கு யாத்திரை செல்லும் குடும்பங்கள் திருவண்ணாமலையைத் தவறவிடுவது அரிது. ஆனால் திண்டிவனத்திலிருந்து அங்கே போகும் அதே வீதியில், ஏறத்தாழ 28 கிலோமீற்றர் தொலைவில் உள்ள செஞ்சிக் கோட்டையைப் பலர் வாகனத்தின் யன்னல் வழியே பார்த்துவிட்டே கடந்துவிடுகிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் போன எங்கள் குடும்பம், அம்மம்மா முதல் ஆறாம் தரம் படிக்கும் மகள் வரை, அங்கே இறங்கிப் பகல் முழுவதையும் கழித்தது. யாத்திரைப் பட்டியலில் ஒரு கோயிலைக் குறைத்தாவது செஞ்சிக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் நுழைவுச்சீட்டைப் பற்றி. சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்ற வகையில் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்தியர்களுக்குரிய கட்டணமே அறவிடப்படுகிறது. ஆகவே கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கனடாவிலிருந்து வந்து எங்களுடன் சேர்ந்துகொண்ட சித்தி மட்டும் வெளிநாட்டவருக்குரிய, பல மடங்கு கூடிய கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. கோன் மரபினர், விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள், பீஜாப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, பின்னர் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டேயிருந்த கோட்டை இது. மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டு 2025இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்தியது முகலாயரின் முற்றுகை. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. கோட்டை விழும் முன்னர் அவர் தப்பிச் சென்றுவிட்டார். அத்தனை ஆண்டுகள் ஒரு கோட்டை எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு விடை குன்றின் உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட களஞ்சியங்கள், கற்படிகள் இறங்கும் ஆனைக்குளம், ராஜகிரியின் அடியில் செட்டிக்குளம், சக்கரகுளம். குளக்கட்டிலேயே வளர்ந்த கமக்காரரான என் அப்பா, மொட்டைப் பாறையில் விழும் மழைநீர் எந்தப் பக்கத்தால் வழிந்து எங்கே தேங்கும், மிஞ்சியது எங்கே வான் பாயும் என்று கையை நீட்டி மகளுக்குக் காட்டிக்கொண்டே நடந்தார். வன்னிப் போரில் முற்றுகைக்குள் வாழ்ந்து அரிசிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் களஞ்சியத்தின் இருட்டுக்குள் நிற்கும்போது எந்த வழிகாட்டியும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அம்மம்மா சுவரில் கையை வைத்தபடி, "நெல்லு இருந்தாத்தான் பிள்ளை கோட்டை" என்றார்.

ஆகவே, முழங்கால் வலியுள்ள மூத்தோரை வாகனத்திலேயே இருத்திவிட்டு இளையவர்கள் மட்டும் உச்சிக்கு ஓடும் வழக்கம் இங்கே சரியல்ல. களஞ்சியங்கள், ஆனைக்குளம், அடுக்கடுக்காக உயர்ந்து கூம்புக் கூரையில் முடியும் கல்யாண மகால், பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்ட வெங்கடரமணர் கோயில் ஆகியவை எல்லாம் கீழேயே உள்ளன. ஆறுதலாக நடந்தால் அம்மம்மாவின் வயதினரும் அவற்றைப் பார்த்துவிடலாம்.

ராஜகிரி ஏற்றம் வேறு கதை. ஏறத்தாழ 240 மீற்றர் உயரம் என்பது எழுத்தில் சிறிதாகத் தெரியலாம். ஆனால் வயல்வெளியிலும் குளக்கட்டிலும் நடந்து பழகிய கால்களுக்கு அந்தப் படிகள் கடுமையானவை. உச்சிக்குச் சற்று முன்னர் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமாகக் கிடக்கிறது. இன்று பாலத்தின் மேல் நடந்து கடக்கும் அந்த இடத்தில் அன்று நின்ற சில காவலர்களே ஒரு படையை மறித்திருப்பார்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், பிற்பகலில் ஏறத் தொடங்காதீர்கள். குரங்குகள் ஏராளம்: மகளின் கையிலிருந்த விசுக்கோத்துப் பக்கற்றை ஒன்று பறித்து, எங்கள் கண்முன்னேயே நிதானமாகப் பிரித்துத் தின்றது. உணவைப் பைக்குள் மூடி வைப்பதே நல்லது.

உச்சியில் ரங்கநாதர் கோயிலைச் சுற்றி வந்து நின்றால் மற்ற இரு குன்றுகளும் அவற்றை இணைக்கும் மதிலும் ஒரே பார்வையில் விரிகின்றன. கோட்டையின் அளவு அங்கேதான் முழுதாகப் புரிகிறது. ஏற முடிந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

வாகனம் பேசும்போது நேரத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்களுக்குத் தரப்பட்ட திட்டத்தில் செஞ்சிக்கு அரைமணி நேரமே குறிக்கப்பட்டிருந்தது. அதை மாற்றச் சம்மதிக்க வைப்பதற்குள் காலையின் நல்ல நேரம் கழிந்துவிட்டது. அடுத்துப் புதுச்சேரிக்குப் போவதாக இருந்தால், கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்கும் கருங்கற்றூண்களையும் பாருங்கள்: அவை செஞ்சியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை.