சேப்பாக்கம் ஆட்டம்: காரைக்குடியிலிருந்து ரயிலா, பஸ்ஸா, காரா?

ஐபிஎல் அட்டவணை வெளியாகிற அன்றைக்கே எங்கள் வீட்டில் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். அம்மான் மகன் கார் என்பான், செக்காலை நண்பர்கள் ஏசி ஸ்லீப்பர் பஸ் என்பார்கள், நான் ரயில் என்பேன், வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்தவன் எவனாவது இருந்தால் திருச்சி போய் விமானத்தில் போய்விடலாமே என்பான். நாலு வழியிலும் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாகிவிட்டது. போவதில் பெரிய வித்தியாசமே இல்லை, எதில் ஏறி உட்கார்ந்தாலும் சென்னை வந்துவிடும். ஆட்டம் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு, 38,000 பேர் கொள்ளும் மைதானம் மொத்தமாக வாலாஜா சாலையில் கொட்டிக் கிடக்கும்போது, வீடு 420 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பாருங்கள், விஷயமே அங்கேதான். திரும்பி வருகிற வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் போகிற வழியைப் பார்க்க வேண்டும். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்பச்சி, அதாவது என் அப்பா, இதற்கு ஒரு வாழும் உதாரணம். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா ஆஸ்திரேலியா ஐந்து நாள் டெஸ்ட்டுக்குப் போனவர், திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கே ரிட்டர்ன் டிக்கெட் போட்டு வைத்திருந்தார். நாலு நாள் வெயிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ரயில் ஏறினார். அந்தத் திங்கட்கிழமை, செப்டம்பர் 22-ம் தேதி, இரண்டு அணியும் ஒரே ரன்னில் நிற்க, ஆட்டம் டை ஆனது. டெஸ்ட் சரித்திரத்திலேயே அது இரண்டாவது டை. அப்பச்சி கடையில் பில் போட்டுக்கொண்டு டிரான்சிஸ்டரில் கேட்டார்.

சரி, ரயிலுக்கு வருவோம். காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், பல்லவன் எக்ஸ்பிரஸ் இங்கிருந்தேதான் கிளம்புகிறது. 2013-க்கு முன்னால் திருச்சியோடு நின்றுகொண்டிருந்த வண்டி. அதிகாலையில் ஏறினால் புதுக்கோட்டை, திருச்சி, விருத்தாசலம், விழுப்புரம் என்று போய் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு எழும்பூர். செகண்ட் சிட்டிங்கில் இருநூறு ரூபாய் சுற்றித்தான் ஆகும். ஆட்டம் 7.30-க்கு என்றால் நடுவில் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்கிறது. திரும்பும்போதுதான் இடிக்கும். நம் பக்கம் வருகிற இரவு ரயில்கள் சேது, ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ், அப்புறம் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்து விட்ட தாம்பரம் ராமேஸ்வரம் வண்டி. எல்லாமே நீங்கள் மைதானத்துக்குள் இடம் தேடிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் சென்னையை விட்டுப் போய்விடும். சிலம்பு மட்டும் கொஞ்சம் பிந்திக் கிளம்பும், ஆனால் அது தினசரி வண்டி இல்லை, இரவு ஆட்டத்துக்கு அதுவும் உதவாது. ஆக, ரயில் என்றால் ஒரு ராத்திரி சென்னையில் தங்க வேண்டும், மறுநாள் பிற்பகல் பல்லவனில் ஏறி ராத்திரி பத்தரை வாக்கில் ஊர் வந்து சேரலாம். இரண்டு நாள் லீவு, ஒரு ராத்திரி ரூம் வாடகை. நாலு பேர் சேர்ந்து எழும்பூர் கென்னத் லேன் பக்கம் ரூம் போட்டால் அந்த வாடகை தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. எழும்பூர் ஸ்டேஷனில் விரிவாக்க வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும் அங்கிருந்து கிளப்புவதுமாக மாற்றுகிறார்கள். டிக்கெட்டில் என்ன ஸ்டேஷன் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழக்கத்தில் எழும்பூர் போய் நிற்காதீர்கள்.

இதே இரவு ரயில்கள் டெஸ்ட் மேட்ச்சுக்கு அமிர்தம். ராத்திரி காரைக்குடியில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை, 9.30-க்கு ஆட்டம், ஐந்து மணி சுமாருக்கு முடிந்ததும் நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேல் கிளம்பும் ராமேஸ்வரம் வண்டியைப் பிடித்தால் விடிவதற்குள் ஊர். ரூம் செலவே கிடையாது. டெஸ்ட்டில் ஏதாவது ஒரு நாளை மட்டும் பார்த்துவிட்டு வர இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இல்லை. வாரக்கடைசியில் வரும் 3.30 மணி ஐபிஎல் ஆட்டத்துக்கும் இது சரிப்படும் என்று ஒரு தடவை நம்பினேன், ஆனால் அது ஏழேகால் ஏழரைக்குத்தான் முடியும், மைதானத்தை விட்டு வெளியே வரவே கால் மணி. கடைசி இரண்டு ஓவரை விட்டுவிட்டு ஓட மனசு வந்தால் பிடிக்கலாம். எனக்கு வரவில்லை.

பஸ் விஷயத்தில் முன்பு ஒரு நியாயம் இருந்தது. கோயம்பேடு காலத்தில் ஆட்டம் முடிந்து ஓடிப் போய் ஏதோ ஒன்றில் தொற்றிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென்மாவட்ட வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. சேப்பாக்கத்திலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வரும்போது இது பெரிய தொல்லை இல்லை, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகரப் பேருந்தில் விமான நிலையமோ கிண்டியோ வந்து மெட்ரோ ஏறினால் நீலத் தடத்தில் ஒரே வண்டி, அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கால் மணி நடை. ராத்திரி அதே வழியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்து, கூட்டத்தோடு ஊர்ந்து மெட்ரோ ஏறி, விமான நிலையம் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து கிளாம்பாக்கம் போய்ச் சேர ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். நேரே காரைக்குடி வரும் ஆம்னி பஸ்கள் அதற்குள் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும்.

ஒரு தடவை 11.45 வண்டிக்கு டிக்கெட் போட்டுவிட்டு, ஆட்டம் சீக்கிரம் முடியும் என்று நம்பி உட்கார்ந்திருந்தோம். டி20-யில் சீக்கிரம் என்று ஒன்று கிடையாது. டிரைவருக்குப் போன் போட்டால் பெருங்களத்தூரில் நிற்கிறேன் என்றார், நாங்கள் பெருங்களத்தூர் போனபோது வண்டி மறைமலைநகரில் இருந்தது, அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு எங்களுடையதும்தான். அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, திருச்சி பக்கம் போகும் அரசு வண்டி எது நின்றாலும் ஏறிவிடுவது. ராத்திரி முழுக்க வண்டி உண்டு. திருச்சியில் இப்போது பஞ்சப்பூர் புது நிலையத்தில் இறங்கி நம் பக்கத்து வண்டி மாற வேண்டும். நாங்கள் அப்படித்தான் மறுநாள் காலை பத்து மணிக்குக் காரைக்குடி கல்லுக்கட்டிக்கு வந்து சேர்ந்தோம், ஜெர்சியோடு, உட்கார்ந்தே தூங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டு.

பஸ்ஸுக்கு ஆதரவாகவும் சொல்ல ஒன்று இருக்கிறது. கடைசி நேரத்தில் மேட்ச் டிக்கெட் கிடைத்தவனுக்கு ரயிலில் இடம் இருக்காது, பஸ்ஸில் ஏதோ ஒரு மூலை சீட் இருக்கும். பகல் ஆட்டம் என்றால் பத்து மணி ஆம்னி ரொம்பப் பொருத்தம்.

கார். அம்மான் மகன் கணக்கு சொல்வான்: போக வர 840 கிலோமீட்டர், லிட்டருக்குப் பதினைந்து கிடைத்தால் 56 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 5,600, ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,120, அப்புறம் என்ன என்பான். டோலைச் சொல்லவே மாட்டான். திருமயம் தாண்டி லெம்பலக்குடியில் ஆரம்பித்து சமயபுரம், செங்குறிச்சி, விக்கிரவாண்டி, பரனூர் என்று வரிசையாக நிற்கிறது, அதுவும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அதைக்கூட விடுங்கள். சேப்பாக்கத்தில் காரை எங்கே நிறுத்துவது? ஆட்ட நாளில் பெல்ஸ் ரோடு, விக்டோரியா விடுதி சாலை எல்லாம் தடுத்துவிடுவார்கள், உள்ளே நிறுத்த பாஸ் வேண்டும், கடற்கரைச் சாலைப் பக்கம் விட்டுவிட்டு நடக்கிற கூட்டத்தோடு நாமும் நடக்க வேண்டியதுதான். திரும்ப வந்து காரை எடுத்து அந்த நெரிசலை விட்டு வெளியேறவே ஒரு மணி நேரம். தெற்கே ஏதாவது மெட்ரோ ஸ்டேஷனில் காரைப் போட்டுவிட்டு மெட்ரோவில் போய் வருவது எவ்வளவோ மேல். ஆட்ட நாட்களில் மெட்ரோ வழக்கத்தைவிடப் பிந்தியும் ஓடுகிறது, சில சீசன்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினாலே மெட்ரோ இலவசம். இந்த வருஷமும் உண்டா என்று டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காரில் எனக்குப் பயம் வேறு இடத்தில். பகல் முழுக்க ஓட்டி வந்து, நாலு மணி நேரம் கத்திவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி ஸ்டியரிங் பிடிக்கிறவன் மூன்று மணி சுமாருக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் எப்படி இருப்பான்? பின்னால் நாலு பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை நான்தான் முன் சீட்டில் பேசிக்கொண்டே வந்தேன், அவன் கண் இரண்டு தடவை மூடியதைப் பார்த்தேன், பெரம்பலூரில் டீக்கடை ஓரம் நிறுத்தி எல்லோரும் விடியும்வரை தூங்கினோம். அதற்கு ரூம் போட்டே தூங்கியிருக்கலாம். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்று குடும்பமாகப் போனால் கார்தான், மறுக்கவில்லை. தனியாக டிரைவர் போட்டு, அவரை ஆட்ட நேரத்தில் தூங்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழையாமல் போய்விடலாம், சென்னை ஒரு மணி நேரம். ஆனால் இங்கிருந்து அங்கே போக, முன்கூட்டிப் போய்க் காத்திருக்க, இறங்கி மெட்ரோ ஏற என்று கூட்டினால் ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது, பல்லவனோடு ஒப்பிட்டால் மிச்சம் ஒரு மணி. நடுராத்திரியில் திரும்பவும் முடியாது, அதிலும் ஒரு ராத்திரி தங்கத்தான் வேண்டும். நம் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் ஒரு நாள் விமானம் இறங்கினால் அன்றைக்கு இந்தப் பத்தியைத் திருத்தி எழுதுகிறேன்.

ஆக என் ஓட்டு, இரவு ஆட்டத்துக்குப் பல்லவன் போக வர, டெஸ்ட்டுக்கு இரவு ரயில், பகல் ஆட்டத்துக்குப் பஸ். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேட்ச் டிக்கெட் ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால்தான் விற்பனைக்கு வரும், அதுவும் நிமிஷத்தில் காலி. ரயில் முன்பதிவோ 60 நாள் முன்னாலேயே திறந்துவிடும். மேட்ச் டிக்கெட் கையில் வந்ததும் ரயில் பார்க்கலாம் என்று இருந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். அட்டவணை வந்த அன்றே ரயிலைப் போட்டுவிடுங்கள். மேட்ச் டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் இரண்டு நாளுக்கு மேல் இருக்கும்போதே ரத்து செய்தால் செகண்ட் சிட்டிங்கில் தலைக்கு 60 ரூபாய்தான் பிடிப்பார்கள், ஏசி சேர் காரில் 180. போக வர 120 ரூபாய்க்கு இந்த நிம்மதி மலிவு.

அப்புறம் பை. மைதானத்துக்குள் பை, தண்ணீர் பாட்டில் எதையும் விடமாட்டார்கள். ரூம் போடாமல் நேரே போகிறவர்கள் ஸ்டேஷன் கிளோக் ரூமில் வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் பூட்டு இல்லாத பையை வாங்கமாட்டார்கள், ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள். கயிறு கட்டிய மஞ்சப்பையோடு போய் நின்று திரும்பிய அனுபவம் எங்கள் கோஷ்டிக்கு உண்டு. எழும்பூரிலிருந்து மைதானம் ஆட்டோவில் பக்கம்தான். இல்லையென்றால் மெட்ரோவில் சென்ட்ரல் போய் நீலத் தடம் மாறி ஒரே ஸ்டேஷன், அல்லது பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம் ஸ்டேஷனே மைதானத்தை ஒட்டி இருக்கிறது. மைதானத்துக்குப் பெயரே நம் கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் மகன் எம்.ஏ.சிதம்பரத்துடையது. வாசலில் அதைப் படித்து ஒரு போட்டோ எடுக்காமல் எங்கள் ஆட்கள் உள்ளே நுழைய மாட்டார்கள்.

இந்தத் தடவை பல்லவனில் ஆறு சீட் போட்டாகிவிட்டது. அம்மான் மகன்கூட வருகிறான், காரை விட்டுவிட்டு. ஆறாவது சீட் அப்பச்சிக்கு. ரிட்டர்ன் என்றைக்கு என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.