மேகம் வந்தால் ‘டக்’: மெல்பர்னில் சோலார் சார்ஜரோடு இரண்டே முக்கால் வருடம்

மெல்பர்ன் பக்கம் டார்னீட்டில் புதுவீட்டுக்குக் குடிபோன தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். எலக்ட்ரிக் கார் புக் பண்ணிவிட்டானாம். கூரையில் 6.6 கிலோவாட் சோலார் பேனல் இருக்கிறதாம். “அண்ணா, உங்க வீட்ல இருக்கிற அதே சார்ஜரையே நானும் வாங்கிடட்டுமா?” என்று கேட்டான். “வேண்டாம்டா” என்று வாய் முந்திக்கொண்டது. ஏன் என்று அவன் கேட்டதும் சட்டென்று பதில் வரவில்லை. போன வருடம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சார்ஜரின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் தொல்லையில் பாதி எந்தக் கம்பெனி பெட்டியிலும் வரக்கூடியது. சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்பியர், 7.4 கிலோவாட், கூரையில் மிஞ்சும் கரண்டை மட்டும் காருக்கு அனுப்பும் வகை. 2023 பிப்ரவரியில் மாட்டினேன்.

ஏன் இந்த வகை? 2019-ல் பேனல் போட்டபோது நாம் கிரிட்டுக்கு, அதாவது ஊர் மின்கம்பிக்கு, தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 12 சென்ட் என்று விக்டோரியா மாநிலம் குறைந்தபட்ச விலை வைத்திருந்தது. மிச்சம் எல்லாம் வெளியே போகட்டும், பில்லில் கழியும் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த 12, 2021-ல் 6.7 ஆனது. பெட்டியை மாட்டியபின் இன்னும் இறங்கியது: 2023 ஜூலையில் 4.9, அடுத்த வருடம் 3.3, 2025 ஜூலைக்கு வைத்தது 0.04. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதே சமயம் மாலை 3 மணியிலிருந்து 9 மணிவரை நான் வாங்கும் யூனிட் 36 சென்ட். பகலில் கூரை தருவதை வெளியே விட்டுவிட்டு ராத்திரி காசு கொடுத்து வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதான் வேலை, காரும் பகலில் கராஜிலேயே நிற்கிறது. அப்படித்தான் இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

முதல் கோடையில் அதைப் போற்றாத நாளில்லை. பிப்ரவரி மத்தியானம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். போனில் சார்ஜர் ஆப்பைத் திறந்தால் கூரை 4.8 கிலோவாட், வீடு 0.6, கார் 4.2, கிரிட் பூஜ்யம். ஏசியைப் போட்டால் கார் தானாக விட்டுக்கொடுக்கும், அணைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். யாரும் எதையும் தொட வேண்டாம். நான் எத்தனையோ சாமான் வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு திருப்தி எதிலும் கிடைத்ததில்லை.

அப்புறம் ஏப்ரல் வந்தது.

ஒரே நாளில் நாலு பருவமும் வந்துபோகும் என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் கராஜுக்கும் அடுப்படிக்கும் ஒரே சுவர். சார்ஜர் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மேகம் வந்தால் உள்ளே ரிலே, அதாவது கரண்டைத் துண்டித்துச் சேர்க்கும் சுவிட்ச், ‘டக்’ என்று விடும். மேகம் விலகி இரண்டு நிமிடத்தில் மறுபடி ‘டக்’. பஞ்சு பஞ்சாக மேகம் ஓடும் நாளில் காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் முப்பது முறைக்கு மேல் எண்ணியிருக்கிறேன். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது ‘டக்’. சோறு வடிக்கும்போது ‘டக்’. இதைவிட மோசம், ஐந்தாறு தடவை இப்படி விட்டு விட்டுப் போனால் என் கார் தூங்கிவிடும். சார்ஜர் கரண்ட் தருகிறேன் என்று நின்றாலும் கார் எழுந்திருக்காது. கராஜுக்குப் போய் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருக வேண்டும். மாலையில்தான் அது தெரியும், அதற்குள் வெயில் போயிருக்கும்.

கோபத்தில் கம்பெனிக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் அதில் பாதி நியாயமில்லை என்று தெரிந்தது. சார்ஜரும் காரும் பேசிக்கொள்வதற்கென்று கேபிளுக்குள் ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. வினாடிக்கு 1000 தடவை துடிக்கும் ஒரு சைகை அதில் போகும். துடிப்பு எவ்வளவு அகலம் என்பதுதான் செய்தி. பத்தில் ஒரு பங்கு என்றால் ‘6 ஆம்பியர் எடுத்துக்கொள்’, பாதிக்குக் கொஞ்சம் மேலே போனால் ‘32 எடுத்துக்கொள்’. ஐஈசி 61851 என்ற தரவிதியில் உள்ள பாஷை இது. 6-க்குக் கீழே சொல்ல இந்தப் பாஷையில் இடமே இல்லை. 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். கூரையில் மிஞ்சுவது 1,300 வாட் என்றால் அதைக் காருக்குக் கொடுக்க வழியே கிடையாது. ஒன்று நிறுத்த வேண்டும், இல்லை குறைகிற 80 வாட்டை கிரிட்டிலிருந்து வாங்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து எந்தப் பெட்டி வாங்கினாலும் இதுதான்.

இப்போது குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஜூன் மத்தியானம் என் கூரை நல்ல வெயிலிலும் இரண்டரை கிலோவாட்டைத் தாண்டாது. வீடு 600, 700 வாட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் அந்த 1,380-ஐச் சுற்றியேதான் ஊசலாடும். ஒரு சின்ன மேகம் போதும். கோடையில் மாட்டி, கோடையில் மகிழ்ந்து, கோடையிலேயே விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

தீர்வு அமைப்புகளுக்குள்ளேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது, கையேட்டில் இரண்டு வரிதான் போட்டிருந்தார்கள். மிச்சம் குறைந்தால் உடனே நிறுத்தாமல் 6 ஆம்பியரிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு முறை இருக்கிறது. எதற்காக இதற்குப் பயந்தேன் என்று கணக்குப் போட்டேன். ஒரு மேகம் பத்து நிமிடம் நின்று 700 வாட் குறைந்தது என்று வைத்துக்கொண்டாலும் கிரிட்டிலிருந்து வாங்குவது 0.12 யூனிட். பகல் விலையில் மூன்று சென்ட். மூன்று சென்ட்டுக்காகக் காரைத் தூங்க வைத்து, ரிலேயைத் தேய்த்து, என் காதையும் புண்ணாக்கிக்கொண்டிருந்தேன். ‘நூறு சதவீதம் சூரியன்’ என்று விளம்பரத்தில் போட்டு அந்த முறையையே பெட்டியில் முதலில் வைத்து விற்கிறார்களே, அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த கோடையில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து ஐந்து மாதம் இருந்தார். கொல்லையில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்து வைப்பார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவர் ‘டக்’ என்று கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினார். “மேகம் வந்துட்டுதுடா, தூறல் போட்டா எல்லாம் போச்சு.” அம்மா வருவதற்கு இரண்டு மாதம் முன்பே நான் மேலே சொன்ன 6 ஆம்பியர் முறைக்கு மாற்றியிருந்தேன். ஆனால் அம்மா வந்து வடாம் போட ஆரம்பித்ததும், மேகம் வந்தால் தெரியட்டும் என்று பழைய முறைக்கே திருப்பி வைத்திருந்தேன். அவர் ஊருக்குப் போகும்வரை அப்படியே இருந்தது. ஒரு தட்டு வடாம்கூட நனையவில்லை.

இனி இந்த வருடத்துக் கதை. ‘வேண்டாம்’ என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சோலார் சார்ஜர் என்று சொன்னாலும் அந்தப் பெட்டிக்குச் சூரியன் தெரியாது. அதன் கண் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. மெயின் வயரைக் கவ்விப் பிடித்தபடி சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், சிடி கிளாம்ப் என்பார்கள். கரண்ட் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, எவ்வளவு என்று அதுதான் சொல்கிறது. அதன்மேல் நகக்கண் அளவுக்கு ஓர் அம்புக்குறி அச்சடித்திருப்பார்கள். மே மாதம் சுடுநீருக்கு ஹீட் பம்ப் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் இடம் போதவில்லை என்று அந்தக் கிளாம்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டினார். ஆனால் அம்பு தலைகீழாக இருக்கும்படி மாட்டிவிட்டார்.

அதன்பின் என்ன நடந்தது என்று பாருங்கள். வீட்டுக்குள் வரும் கரண்டெல்லாம் சார்ஜருக்கு வெளியே போகும் கரண்டாகத் தெரிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணெய் ஹீட்டரைப் போட்டால் 2,400 வாட் உள்ளே வரும். சார்ஜரோ ‘2,400 வாட் மிச்சம் இருக்கிறது’ என்று காரை எழுப்பும். கார் எடுக்க ஆரம்பித்ததும் உள்ளே வருவது இன்னும் கூடும், ‘ஆகா, இன்னும் மிச்சம்’ என்று அது மேலும் ஏற்றும். ஒரு நிமிடத்துக்குள் 32 ஆம்பியர். நாளிலேயே விலை அதிகமான நேரத்தில், முழு வேகத்தில். பகலில் நிஜமாகவே மிச்சம் இருக்கும்போது அது வாங்குவதாகத் தெரிவதால் சார்ஜர் வாய்மூடி உட்கார்ந்திருக்கும்.

ஏழு வாரம் இது எனக்குத் தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் கார் நிறைந்திருக்கும், நேற்றுப் பகலில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆப்பைப் பார்த்தாலும் எல்லாம் பச்சை. ராத்திரி எட்டு மணிக்கு, வெளியே கும்மிருட்டு, ‘100% சூரிய மின்சாரம்’ என்று பச்சை வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. பில் வந்தது, வழக்கத்தைவிட நூற்றுப் பத்து டாலர் கூட. அரை மணி நேர மீட்டர் கணக்கை இறக்கிப் பார்த்தபோதுதான் வரைபடத்தில் சாயங்காலம் சாயங்காலம் கோபுரம் மாதிரி எழும்பியிருந்தது கண்ணில் பட்டது.

மனிதர் கைத்தவறு செய்வார், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் ஆறாதது பெட்டியின் மேல்தான். அதற்கு மணி தெரியும், ஊர் தெரியும், இணையத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மெல்பர்னில் கூரையிலிருந்து கரண்ட் வராது என்று சொல்ல ஒரு வரி மென்பொருள் போதாதா? ‘கிளாம்பைச் சரிபாருங்கள்’ என்று ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாமே? உதவி மையத்துக்கு எழுதினால் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். இரண்டு முறை போட்டேன். கடைசியில் வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். இந்த நாட்டில் மீட்டர் பெட்டி வயரிங்கில் உரிமம் உள்ளவர்தான் கைவைக்கலாம். பதினோரு நாள் காத்திருந்து 180 டாலர் கொடுத்தேன். அவர் கிளாம்பைத் திறந்து, திருப்பி, மூடினார். இரண்டு நிமிட வேலை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவன் வீடு த்ரீ ஃபேஸ். கடையில் 22 கிலோவாட் சார்ஜரைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அவன் புக் பண்ணியிருக்கும் டெஸ்லா மாடல் ஒய் வீட்டு கரண்டில் 11-க்கு மேல் எடுக்காது. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் அவன் இன்வெர்ட்டரோ 5 கிலோவாட். 22 அவனுக்கு எதற்கு? அதோடு அந்த 6 ஆம்பியர் விதி த்ரீ ஃபேஸில் மூன்றாகும்: 4,140 வாட் மிஞ்சினால்தான் சார்ஜே தொடங்கும். அவன் கூரைக்கு அது கோடை மத்தியானத்தில் மட்டும் நடக்கும். மிச்சம் குறைவாக இருக்கும்போது தானாக ஒரு ஃபேஸுக்கு இறங்கி, கூடினால் மூன்றுக்கு ஏறும் சார்ஜர்கள் இருக்கின்றன. வாங்குவதானால் அதைத்தான் வாங்க வேண்டும். விற்பவர் ‘சோலார் கம்பாட்டிபிள்’ என்று சொன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், அவருக்கு விஷயம் தெரியுமா என்று தெரிந்துவிடும்.

ஆனால் முதலில் கரண்ட் பிளானைப் பார்க்கச் சொன்னேன். பகல் 11 முதல் 2 வரை கரண்ட் இலவசம் என்று சில கம்பெனிகள் தருகின்றன. மூன்று மணி நேரம், 7 கிலோவாட் என்றால் 21 யூனிட். மேகமோ மழையோ கவலையில்லை, கிளாம்ப் வேண்டாம், அம்பு வேண்டாம். டைமர் வைத்த சாதாரண சார்ஜர் போதும், விலையும் என்னுடையதில் பாதி. தினம் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்குச் சனி, ஞாயிறு அது தாராளம். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

“அப்ப நீங்களும் மாத்திடுவீங்களாண்ணா?” என்று கேட்டான். இல்லை. நான் கழற்ற மாட்டேன். சரியாக மாட்டியபின் இந்தச் செப்டம்பரிலிருந்து கார் ஓடியதில் பெரும்பகுதி என் கூரை கொடுத்த கரண்டில்தான். கிரிட் பூஜ்யம் என்று காட்டும் அந்த மத்தியானங்கள் எனக்கு வேண்டும். கணக்குக்கு இது ஒத்துவராது என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் ஃபேஸ் மாற்றும் சார்ஜர் ஒன்றையே நேற்று ஆர்டர் பண்ணிவிட்டான். சரி, அவன் ஆசை. மாட்டும் அன்றைக்கு ஒன்று மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் பையை மூடுவதற்கு முன் பேனலை அணைத்துவிட்டு, சார்ஜர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கெட்டில் நிறையத் தண்ணீர் வைத்து சுவிட்சைப் போட வேண்டும். கிரிட்டிலிருந்து உள்ளே வருவது 2,000 வாட்டுக்கு மேல் ஏற வேண்டும். அதற்குப் பதில் வெளியே போவது ஏறினால் அம்பு தலைகீழ். த்ரீ ஃபேஸ் என்பதால் கிளாம்ப் மூன்று இருக்கும், கெட்டிலை வேறு வேறு அறையில் செருகி மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அதுவரை அவரை அனுப்பாதே, கொதித்த தண்ணீரில் அவருக்கும் ஒரு டீ போட்டுக் கொடு என்றேன்.