கப்பலுக்கு வாடகைத் துப்பாக்கி: ஒரு பழைய போசனின் மதிப்பீடு

தங்கை மகன் அடுத்த மாதம் கடெட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, கப்பல் ஏறுகிறான். போன வாரம் பினாங்கு பாகான் டாலாமில் பசியாறிக்கொண்டிருந்தபோது, "மாமா, கப்பல்ல நமக்குத் துப்பாக்கி குடுப்பாங்களா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேசையில் இருந்த இருவர் பதில் சொல்லிவிட்டார்கள். "ஆளுக்கு ஒன்னு குடுக்கணும், அப்பதான் கொள்ளைக்காரன் பயப்படுவான்" என்றார் ஒருவர். "குடுத்தா மொதல்ல கேப்டனத்தான் சுடுவானுங்க" என்றார் மற்றவர். இரண்டாமவர் கப்பலில் வேலை பார்த்தவர்.

2010 முதல் 2014 வரை பாமாயில் டாங்கரில் போசனாக, அதாவது மேல்தள ஆட்களின் தலைவனாக, இருந்தேன். போர்ட் கிள்ளானில் ஏற்றி, சூயஸ் வழியாக ரோட்டர்டாம். சோமாலியக் கொள்ளையர் ஆட்டம் போட்ட காலம். ஏடன் வளைகுடாவை இரண்டு முறை வெறுங்கையோடும், நான்கு முறை வாடகை ஆயுதக் காவலர்களோடும் கடந்தேன். அந்தக் காவல் சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம்.

முதலில் வெறுங்கைப் பயணம். பாமாயில் நிறைந்துவிட்டால் கப்பல் தண்ணீரில் ஆழ உட்கார்ந்துவிடும். மேல்தளம் எட்டிப் பிடிக்கும் உயரத்துக்கு வந்துவிடும். எங்கள் வேகம் 13 நாட், அதாவது மணிக்கு 13 கடல் மைல். 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர் ஏறியதாகத் தகவல் இல்லை என்று கொள்ளைத் தடுப்புக் கையேட்டில் போட்டிருந்தது. படித்து என்ன செய்வது, பாமாயில் கப்பல் ஓடுமா? ரேசர் கம்பி சுற்றினோம், தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கமாகத் திருப்பிக் கட்டினோம். பாய்லர் சூட் என்ற பழைய வேலை உடுப்புகளில் கந்தலைத் திணித்து ஏழு பொம்மைகள் செய்தோம். தலைக்கு ஹெல்மெட், கையில் மாப் கட்டை. ஒன்றுக்கு செகண்ட் குக் மீசைகூட வரைந்தான். இரவு வாட்ச் டூட்டியில் அந்த மீசைக்காரனைப் பார்த்து நானே இரண்டு தடவை அலறியிருக்கிறேன். கொள்ளையன் பயந்தானா என்று கேட்காதீர்கள்.

2012இல் காவலர்கள் வந்தார்கள். இலங்கையில் காலி துறைமுகத்துக்கு வெளியே கப்பல் வேகத்தைக் குறைக்க, படகில் வந்து பைலட் ஏணியில் ஏறினார்கள். நான்கு பேர். பெட்டிகளைக் கயிறு கட்டி இழுத்தது நான். துப்பாக்கி எண், குண்டுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் தாளோடு சரிபார்த்து, கேப்டன் கையெழுத்துப் போட்டு, பெட்டியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். மறுநாள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கடலில் வீசிச் சுட்டுப் பார்த்தார்கள். நான்கு பயணத்திலும் நான் கேட்ட துப்பாக்கிச் சத்தம் இந்த ஒத்திகைச் சத்தம் மட்டும்தான்.

குழுத் தலைவர் பிரிட்டிஷ் கடற்படையில் மரீன் வீரராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற மூவரும் இலங்கைக் கடற்படையில் இருந்தவர்கள். முதல் இரண்டு நாள் நான் அவர்களோடு ஒரே மேசையில் உட்காரவில்லை. ஏன் என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் ஒருவர் வந்து, "அண்ணே, மிளகாய்த் தூள் இருக்கா?" என்றார், திருகோணமலையில் பழகிய தமிழில். எங்கள் குக் பிலிப்பினோ. அவன் சமையலில் காரம் எங்கே இருக்கும்? வீட்டிலிருந்து கொண்டுபோன பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது. எதைப் பேசக்கூடாது என்பதும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஏமன் கரைப்பக்கம் ஒரு காலை, இரண்டு சிறு படகுகள் நேராக எங்களை நோக்கி வந்தன. ரேடாரில் மூன்று மைல். அலாரம் அடித்தது, எல்லாரும் உள்ளே ஓடினார்கள். கூடுதல் கண் வேண்டும் என்று என்னை மட்டும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், நிறுத்திக்கொண்டார் கேப்டன். காவல் குழுத் தலைவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "ஏணி தெரிகிறதா? கொக்கி தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கப்பலில் ஏற வருகிற கொள்ளையனிடம்தான் அவை இருக்கும். ஒரு மைலுக்குள் வந்தும் துப்பாக்கியை உயர்த்த விடவில்லை. கேப்டனுக்கு வியர்த்துவிட்டது. "எச்சரிக்கைக்கு ஒன்று சுடுங்களேன்" என்றார். தலைவர் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். அப்போது என் கண்ணில் பட்டது, எங்கள் முன்னால் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கருப்புக் கொடி. வலை மிதவை. நாங்கள் அவர்களுடைய வலையை அறுக்கப் போகிறோம், அதைத் தடுக்கத்தான் கையை வீசிக்கொண்டு ஓடி வருகிறார்கள்! சுக்கான் ஐந்து டிகிரி திருப்பினோம். படகில் இருந்த கிழவர் எங்களைத் திட்டியது வாயசைவிலேயே புரிந்தது.

2012 பிப்ரவரி 15ஆம் தேதி கேரளக் கடலில் என்ரிகா லெக்சி என்ற எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டு, இரண்டு மீனவர்கள் செத்துப்போனார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கொள்ளையர் என்று நினைத்துவிட்டார்களாம். பயிற்சி பெற்ற ராணுவக்காரனுக்கே இந்தக் கதி என்றால், சம்பளம், தூக்கம் இரண்டும் பற்றாமல் கப்பலில் ஆறாவது மாதத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் டெக் ஆள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காலை என் கையில் இருந்திருந்தால் நான் சுட்டிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன்.

சேவை பயன் தந்ததா? அனைத்துலகக் கடல்சார் பணியகத்தின் கணக்கில் சோமாலியக் கொள்ளையர் தாக்குதல் 2011இல் 237, 2012இல் 75, 2013இல் 15. காவலர் மட்டும் காரணமில்லை, பல நாட்டுக் கடற்படைகளும் அங்கே இருந்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆயுதக் காவலர் இருந்த கப்பல் எதையும் அவர்கள் கடத்திக்கொண்டு போனதில்லை. நான் இரவில் தூங்கினேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

குறை இல்லாமலா? செலவு. நான்கு பேருக்கு ஒரு பயணத்துக்குப் பல்லாயிரம் டாலர். அதை ஈடுகட்ட எங்கள் முதலாளி அந்த ஆண்டு ஓவர்டைமை வெட்டினார். அப்புறம் சட்டச் சிக்கல். காவலர்கள் செங்கடலில் ஆயுதக் கிடங்காக நிற்கும் கப்பலில் இறங்கிக்கொள்வார்கள், துறைமுகத்துக்குள் துப்பாக்கி போகக்கூடாது என்பதற்காக. அப்படிப்பட்ட ஒரு காவல் கப்பல், சீமேன் கார்டு ஓஹையோ, 2013 அக்டோபரில் தூத்துக்குடியில் பிடிபட்டது. 35 பேர், 35 துப்பாக்கிகள். 2016இல் ஐந்தாண்டு சிறைத் தண்டனை, 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விடுதலை. நடுவில் போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

மலாக்கா நீரிணைக்கு இந்தச் சேவை வேண்டவே வேண்டாம். இங்கே வருகிறவன் பெரும்பாலும் இருட்டில் பின்பக்கமாக ஏறி, பாராங் கத்தியைக் காட்டி எஞ்சின் உதிரிப்பாகங்களைத் திருடுகிறவன். லைட்டைப் போட்டு அலாரம் அடித்தால் ஓடிவிடுவான். 2015இல் ஜொகூர் பக்கம் ஓர்க்கிம் ஹார்மனியைக் கடத்தினார்களே, சமையல்காரருக்குத் தொடையில் குண்டு பட்டதே என்பீர்கள். சரி. அது பெட்ரோல் ஏற்றிய கப்பல். அதன்மேல் நின்று இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தால் 22 பேரும் வீடு வந்திருப்பார்களா?

2011 ஜனவரியில் சோமாலியக் கொள்ளையர் ஏறிய புங்கா லாரல் கப்பலில் 23 பேர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். நம் மலேசியக் கடற்படையின் பாஸ்கால் என்ற சிறப்புப் படை வீரர்கள் வந்து மீட்டார்கள். ஏழு கொள்ளையர் கோலாலம்பூர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். மாலுமிக்கு வேண்டியது நல்ல கதவும் வேலை செய்யும் ரேடியோவும். கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் கடற்கொள்ளைப் புகார் மையத்தின் எண் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும். இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் எடுப்பார்கள், காசு கிடையாது. அதற்கு ஐந்து நட்சத்திரம். வாடகைத் துப்பாக்கிக்கு, ஏடன் பக்கம் மட்டும், மூன்றரை.

தங்கை மகனுக்குத் துப்பாக்கி கிடைக்காது. ரேசர் கம்பி கட்டும் வேலை கட்டாயம் கிடைக்கும். முழங்கை வரை வரும் தடித்த தோல் கையுறை இரண்டு சோடி சொந்தமாக வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். கப்பலில் கொடுப்பது முதல் சுருளிலேயே கிழிந்துவிடும்.