வெட்டிப் பார்ப்பதா, ஸ்கேனில் பார்ப்பதா?

டயாலிசிஸில் இருப்பவரின் தொடையிலோ வயிற்றிலோ ஊதா நிறத்தில் வலை வலையாக ஒரு திட்டு வருகிறது. புடவை உரசினாலே உயிர் போகும் வலி. சில நாளில் கருத்து, கட்டை போல இறுகிப் புண்ணாகிறது. கடலூரில் என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் காட்டிய இடத்தில் சர்க்கரைப் புண் என்று சொல்லி, இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் ஓட்டினார்கள். புதுச்சேரிக்குப் போன பிறகுதான் கால்சிஃபிலாக்சிஸ் என்ற பெயரே காதில் விழுந்தது. பெரியப்பா அதை சிஃபிலிஸ் என்று கேட்டுப் பதறியது தனிக்கதை. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தோலடிக் கொழுப்பில் ஓடும் பொடி ரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்து, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள, அந்த இடத்துச் சதை செத்துப்போகிறது.

இதை உறுதிசெய்யும் வழிகளில் எக்ஸ்ரேயை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். செலவு குறைவுதான். ஆனால் பல வருடம் டயாலிசிஸ் செய்தவர்களுக்குப் பெரிய ரத்தக் குழாய்களிலும் கால்சியம் படிந்திருப்பது சகஜம். படத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

உண்மையான போட்டி பயாப்சிக்கும், அதாவது சதையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதிப்பதற்கும், எலும்பு ஸ்கேனுக்கும்தான். பயாப்சியில் குழாய்ச் சுவரில் இருக்கும் கால்சியத்தையே சாயம் ஏற்றி நேரில் பார்த்துவிடலாம். அந்த உறுதி வேறெதிலும் கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், கொழுப்பு வரை ஆழமாக எடுக்க வேண்டும், மேலாக எடுத்தால் நோய் இருந்தும் தப்பிவிடும். ஆழமாக எடுத்தாலோ, ரத்த ஓட்டம் இல்லாத சதையில் அந்த வெட்டே ஆறாத புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம்.

ஸ்கேனில் கத்தி இல்லை. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த எம்.டி.பி. என்ற மருந்தைக் கை நரம்பில் ஊசியாகப் போட்டு, மூன்று மணி நேரம் கழித்து காமா கேமராவில் படம் எடுப்பார்கள். எலும்பைத் தேடிப் போகும் மருந்து அது. சதையில் கால்சியம் படிந்திருந்தால் அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். அணு ஸ்கேன் என்றதும் ஈ.சி.ஆரில் கல்பாக்கம் பெயர்ப்பலகை பார்த்துப் பழகிய நமக்குத் திக்கென்று இருக்கும். ஆனால் டெக்னீசியத்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும்.

காத்திருந்த அறைச் சுவரில் 'நிறையத் தண்ணீர் குடிக்கவும்' என்று எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று அளவு விதிக்கப்பட்டிருந்த பெரியம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிறுநீர் போகாதவர்களுக்கு மருந்து மெதுவாகத்தான் வெளியேறும், படமும் கொஞ்சம் மங்கலாக வரலாம். ஊசி போட்டுப் போட்டுத் தடித்த இடம், சதை அழற்சி இவையும் ஸ்கேனில் ஒளிரும் என்பதால், புண்ணைக் கண்ணால் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. படம் சுத்தமாக வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

என்னைக் கேட்டால், புண்ணும் வலியும் டயாலிசிஸ் பின்னணியும் பொருந்தினால் முதலில் ஸ்கேன். சந்தேகம் தீராவிட்டால் அப்புறம் கத்தி. டயாலிசிஸே இல்லாதவருக்கு இப்படிப் புண் வந்தால் நானும் பயாப்சி பக்கம்தான் சாய்வேன். அங்கே வேறு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரியம்மாவின் படத்தில் இரண்டு தொடையும், புண் வராத இடம் உட்பட, திட்டுத் திட்டாக ஒளிர்ந்தன. பயாப்சி வேண்டாம் என்றார் டாக்டர். இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிட்டுவந்த வார்ஃபரின் இந்தக் கால்சியம் படிவதைக் கூட்டலாம் என்பதால் அதை அன்றே நிறுத்தினார். அடுத்த டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் இந்த நோய்க்குக் கொடுக்கும் சோடியம் தயோசல்பேட் என்ற மருந்து ஏறத் தொடங்கியது.