பொள்ளாச்சிப் பட்டறையில் செய்து வாங்கிய கோழிக்கூண்டு: பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை அம்மா கூண்டைத் திறக்கப் போனபோது, உள்ளே இருந்த ஒன்பது கோழிகளும் செத்துக் கிடந்தன. முந்தைய மாலை கூண்டுக்கு வராமல் முருங்கைக் கிளையில் ஏறிக்கொண்ட இரண்டு விடைக்கோழிகள் மட்டுமே பிழைத்தன. அடிச்சட்டத்தில் அறைந்திருந்த கம்பிவலை ஒரு மூலையில் பிய்ந்து உட்புறமாக மடங்கியிருந்தது. ஈர மண்ணில் பதிந்த தடத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன, நகக்குறி இல்லை, வீட்டுப் பூனையின் தடத்தைவிடப் பெரிது. காட்டுப்பூனை என்று தோப்பில் கள்ளிறக்க வருபவர் பார்த்தவுடனே சொன்னார். அது தூக்கிச் சென்றது ஒன்றைக்கூட இல்லை, பாதி தின்றது ஒன்றை. மற்றவை கழுத்துக் கடியிலேயே செத்திருந்தன. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால், பக்கத்துக் கோழி கடிபடும்போதும் மற்றவை ஓட வழியறியாமல் ஒடுங்கித்தான் கிடக்கும்.

எங்கள் வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தென்னந்தோப்பில் இருக்கிறது. சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிகளைப் பகல் முழுவதும் தோப்பில் மேயவிட்டு, இரவில் மட்டும் அடைப்பது வழக்கம். அந்தப் பழைய கூண்டை ஒரு கடையில் ஆயத்தமாக வாங்கியிருந்தோம். அதில் இருந்தது அறுகோணக் கண்கள் கொண்ட மெல்லிய வலை. கோழிவலை என்ற பெயரிலேயே அது விற்கப்படுவதால், கோழிக்கு இதுவே போதும் என்று நானும் நம்பினேன். கோழி வெளியே போகாமல் தடுப்பதற்கு அது போதும். வெளியிலிருந்து ஒரு நாயோ பூனையோ காலை மாட்டி இழுத்தால் அது நிற்காது. கோழியை அடைக்கிற கூண்டைத்தான் நான் வாங்கியிருக்கிறேன், காக்கிற கூண்டை அல்ல என்பது ஒன்பது உயிர்கள் போன பிறகே எனக்கு விளங்கியது.

தை மாதம் பொள்ளாச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இந்தப் புதிய கூண்டைச் செய்யக் கொடுத்தேன். நீளம் ஆறடி, அகலம் நான்கடி, உயரம் ஐந்தடி, ஆங்கிள் சட்டம், நான்கு பக்கமும் அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை), உள்ளே கோழிகள் ஏறி அடைய நீளவாக்கில் இரண்டு பரண் கம்புகள். ஒரு சிறுவிடைக்குக் கம்பில் ஏழு அங்குல இடம் என்று கணக்கிட்டால் இருபது கோழிகள் தாராளமாக அடையும். விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். வண்டி வாடகை தனி. நான் முதலில் ஓர் அங்குலக் கண் போதும் என்றுதான் கேட்டேன். பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். "ஒரு இஞ்சுல எலி வருங்க, எலிக்குப் பின்னாடியே பாம்பு வருங்க" என்றார். கம்பியின் கனத்தையும் அவரே காட்டி விளக்கினார்: கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதால், விலை குறைவாக இருக்கிறதே என்று எண் பெரிதான வலையை எடுத்துவிடக் கூடாது. விற்பவர் ஒருவர் இந்த அளவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது.

இந்தக் கூண்டின் உண்மையான மதிப்பு அதன் பாவாடையில் இருக்கிறது. பட்டறையில் அப்படித்தான் சொல்கிறார்கள்: கூண்டின் அடியிலிருந்து நான்கு பக்கமும் ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையை வெளிப்புறமாகத் தரையோடு படரவிட்டு, மேலே நான்கு விரற்கடை மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். தோண்டி நுழைய வருகிற விலங்கு எப்போதும் சுவரை ஒட்டிய இடத்திலேயே கால் வைக்கும். சற்றுப் பின்னே நகர்ந்து, அங்கிருந்து சுரங்கம் போடலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. கூண்டு வந்த மூன்றாம் வாரத்தில் ஒரு காலை நான்கு இடங்களில் மண் கிளறப்பட்டிருந்ததைக் கண்டேன். ஒவ்வொரு குழியும் வலை தெரிந்த இடத்தோடு நின்றிருந்தது. நரியா நாயா என்று தடத்தை வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் உள்ளே பதினான்கு கோழிகளும் முழுதாக இருந்தன. அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. பாவாடைக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகிறது. வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கதவைப் பற்றி அவ்வளவு மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. மூன்றே மாதங்களில் கீல் தளர்ந்து, கதவு ஒரு பக்கம் தாழ்ந்து, அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. தொலைபேசியில் சொன்ன பிறகு ஆள் வந்து சரிசெய்ய இரண்டு வாரமாயிற்று. அதுவரை இரவுதோறும் செங்கல்லை அணைத்து வைத்தோம். வந்தவர்கள் கூடுதல் கீல் ஒன்றை வைத்து, காசு வாங்காமல் போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கொண்டியோடு வந்த கதவுக்கு நானே வளையக்கொக்கி ஒன்றையும் மாட்டினேன், ஏனெனில் குரங்குகள் வருகிற தோப்பில் இழுத்தால் திறக்கும் கொண்டி போதாது.

கூரை தகரம். சித்திரையில் பாலக்காட்டுப் பக்கம் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது மாலை ஆறு மணிக்கும் உள்ளே அனல் அடித்தது. வியர்க்க வழியில்லாத கோழிகள் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. தென்னங்கீற்றை இரண்டு அடுக்காக வேய்ந்த பிறகே அடங்கின. ஆனியில் கணவாய்க் காற்று தொடங்கியபோது கூண்டு அசையவில்லை. மேற்குப் பக்கம் கட்டியிருந்த தார்ப்பாய்தான் கிழிந்தது.

இதை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இந்தக் கூண்டு இரவுக்கு மட்டுமே காவல். கீரி பகலில் திரியும் விலங்கு; உடும்பும் அப்படியே; குஞ்சைத் தூக்கும் வல்லூறும் வெளிச்சத்தில்தான் வரும். பங்குனியில் பொரித்த பதினொரு குஞ்சுகளில் ஐந்தை வல்லூறும் காகமும் கொண்டுபோயின. தோப்பில் கரிச்சான் கூடு கட்டியிருந்த காலத்தில் மட்டும் இழப்பு நின்றது. தன்னைவிடப் பன்மடங்கு பெரிய பருந்தையும் அது விரட்டியடிக்கும். குஞ்சுகளுக்காகக் கூண்டை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடி நைலான் வலைப் பந்தல் போட்டோம். மேலே அது நன்றாகவே உதவியது. ஆனால் பக்கவாட்டில் தரைவரை தொங்கவிட்டது என் பெரும்பிழை: ஒரு காலை ஆறடிச் சாரைப்பாம்பு அதில் சிக்கி, உடலெங்கும் இழை இறுகிக் கிடந்தது. அம்மா தலையைத் துணியால் மூடிப் பிடிக்க, நான் கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக அறுத்து விடுவித்தேன். அன்றே வலையின் கீழ்ப்பகுதியை அறுத்தெறிந்து, இரண்டடி உயரத்துக்கு அரை அங்குல வெல்டு மெஷ்ஷை வைத்தோம். தோப்பில் எலி பெருகாமல் வைத்திருப்பது அந்தச் சாரைதான்.

அதே பட்டறையில் விலங்கு பிடிக்கும் பொறிகளும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன என்பது எனக்கு வருத்தம் தந்தது. எலிப்பொறி என்றால் சரி. ஆனால் கீரி விழும் அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். கீரியும் உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம். விஷம் வைப்பதும், வேலிக்கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் மனித உயிரையே பறித்துவிடும். பிடித்து வேறிடத்தில் விட்டாலும், கூண்டில் ஓட்டை இருக்கும்வரை அடுத்த விலங்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

இந்தப் பத்து மாதங்களில் இரவில் ஒரு கோழியைக்கூட இழக்கவில்லை. அடைகாக்கும் கோழி பகலிலும் இடத்தைவிட்டு நகராது என்பதால், கீரிக்கும் உடும்புக்கும் அதுவும் அதன் முட்டைகளும்தான் எளிதில் அகப்படுகின்றன. ஆகவே மூன்றடிக்கு இரண்டடியில் அடைக்கோழிக்கென்றே இன்னொரு கூண்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். தரையிலும் வலை வேண்டும், கதவுக்கு முதலிலேயே மூன்று கீல் வேண்டும், கூரைத்தகரத்துக்கும் வலைக்கும் இடையே காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி வேண்டும் என்று தாளில் வரைந்தே கொடுத்திருக்கிறேன். தை பிறக்கும் முன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.